குவாத்தமாலாப் பாஸ்டருக்கு நான் தமிழ் சொன்னது

போன மாதம் எங்கள் மாத்தளைச் சபைக்குப் போயிருந்தபோது வாலிபர்கள் என்னிடம் ஒரு கைத்தொலைபேசியைக் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பிரசங்கியாரின் வாய்க்குப் பக்கத்தில் அதைப் பிடித்தால் போதுமாம், அதுவே தமிழில் சொல்லிவிடுமாம். சரி, பார்ப்போம் என்று ஒருவர் இங்கிலீஷில் 'லீட் அஸ், லார்ட்', அதாவது 'எங்களை வழிநடத்தும் ஆண்டவரே' என்று ஜெபித்தார். தொலைபேசி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கணீரென்ற பெண் குரலில், "எங்களுக்கு ஈயம் தாரும் ஆண்டவரே" என்றது. இங்கிலீஷில் வழிநடத்துவதற்கும் ஈயத்துக்கும் ஒரே எழுத்துதான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளைகள்தான் பாவம், சோர்ந்துபோனார்கள். "ஆன்ட்டி, நீங்க இருபத்தாறு வருஷமா இந்த வேலைய எப்பிடித்தான் செஞ்சீங்க? எழுதித் தாங்களேன்" என்றார்கள். ஈயமும் தகரமும் கலந்துதான் செய்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, எழுதினால் என்ன என்று தோன்றியது.

என் பெயர் ரெபேக்கா. மாத்தளையில் ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபையின் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடிதம் டைப் அடிப்பது, திருமண அத்தாட்சி எழுதுவது, ஹார்மோனியத்துக்குள் எலி புகாமல் பார்ப்பது எல்லாம் என் வேலை. வெளிநாட்டிலிருந்து யாராவது பிரசங்கிக்க வந்தால் பக்கத்தில் நின்று தமிழ் சொல்வதும் என் வேலை. மற்ற வேலைகளை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. இதை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இதற்காக நான் எங்கேயும் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கண்டி ரோட்டில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வழிகாட்டியாக இருந்தேன். கறுவாப் பட்டையைக் கீறி முகரக் கொடுத்து, இது மூட்டு வலிக்கு, இது முடி கொட்டினால், இது மாமியார் தொல்லைக்கு என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரிக்கவைத்து எண்ணெய் விற்கிற வேலை. ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு வெளிநாட்டு விருந்தாளிகளோடு வந்தார். நான் ஏலக்காயைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியதை அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஏலக்காய்க்கே இவ்வளவு பேசுறீங்களே சிஸ்டர், ஆண்டவருக்காக ஒரு பத்து நிமிஷம் பேச மாட்டீங்களா?" என்றார். அவர்தான் பாஸ்டர் தானியேல். அடுத்த மாதமே அவருடைய ஆபீசில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சபை என்பது ஒரு டயர்க் கடைக்கு மேலே ஒற்றை அறை. நாங்கள் மேலே பாடுவோம், கீழே சக்கரத்தைச் சுத்தியலால் அடிப்பார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாளத்துக்கே பாட்டைக் கொஞ்சம் வேகப்படுத்தினோம். பிறகு ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். பெண்களுக்குப் பின்னால் ஆறு மாதம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு புருஷன்மார் வந்தார்கள். நாவுலப் பக்கமிருந்து சிங்களக் குடும்பங்களும் வந்தன. சபை வளர்ந்தது எப்படி என்று கேட்டால் பாஸ்டர் "ஆவியானவர்" என்பார். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரையில் ஆவியானவர் பெரும்பாலும், பிள்ளைக்கு இழுப்பு வந்த வீட்டில் த்ரீவீலைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிவரைக்கும் கூடவே வந்து நிற்கிற ஒரு அக்காவின் உருவத்தில்தான் வந்தார்.

பாஸ்டர் தானியேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசாதவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று மை தீர்ந்தது. "இரவல் கேக்கிறவங்களுக்கு" என்பார். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியதும் இவர் ஒரு கண்ணைத் திறந்து தலைகளை எண்ணுவார். கர்ப்பிணிகளை இரண்டாக எண்ணுவார் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஒருமுறைதான் அப்படிச் செய்தார்.

மேடையில் எனக்கு அவர் கொடுத்த பயிற்சி கண்டிப்பானது. பிரசங்கியாருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அவரைப் பார்க்கக்கூடாது, சனங்களைப் பார்க்க வேண்டும். அவர் கையைத் தூக்கினால் நாம் தூக்கக்கூடாது. அவரைவிட நன்றாகப் பேசக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று தப்பித்துக்கொள்ளக்கூடாது. "நடுவுல நீங்க ஒரு ஆளா நின்னா சனங்களுக்கு ரெண்டு ஆள் தெரியும் சிஸ்டர். ஒரு ஆள்தான் தெரியணும்" என்பார்.

இந்த 'நான்' எனக்குச் செய்த பாடு கொஞ்சமல்ல. ஒருமுறை வந்த வெளிநாட்டுச் சகோதரர் தன் சாட்சியைச் சொன்னார். நான் நல்ல நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்து, "நான் பெரிய குடிகாரனா இருந்தேன். தினமும் குடிச்சிட்டு வந்து என் பெண்சாதிய அடிப்பேன்" என்றேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, "போனது போகட்டும், இப்ப விட்டுட்டியே, அது போதும்" என்றார்.

பாஸ்டர் முன் வரிசையில் உட்கார்ந்து, மடியில் இருக்கும் வேதாகமத்தின் அட்டையில் விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வேகமாகப் போ. இரண்டு தட்டு என்றால் சுருக்கு. மூன்று தட்டு என்றால், அதை விடு, சொல்லாதே. மூன்று தட்டு அபூர்வம். விருந்தாளி அரசியல் பேசினால், அல்லது எங்கள் சாப்பாட்டைக் குறை சொன்னால் வரும். நானும் விட்டுவிடுவேன். அந்த ஒரு நாள்வரைக்கும்.

அந்த நாளுக்குக் காரணமானவர் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர். பெயர் மத்தேயோ. கொழும்பில் ஒரு மாநாட்டுக்கு வந்த போதகர்; அங்கே பாஸ்டர் தானியேல் அவரைப் பிடித்துக்கொண்டார். "அவங்க நாட்டுல சபை காட்டுத் தீ மாதிரி வளந்திருக்கு சிஸ்டர். எப்பிடின்னு நம்ம சனங்களுக்குச் சொல்லட்டும்" என்றார். நான் உலகப் படத்தை விரித்துத் தேடினேன். இரண்டு அமெரிக்காக்களுக்கும் நடுவில், ஒல்லியான இடுப்பு மாதிரி ஒரு இடத்தில் கிடைத்தது.

மத்தேயோ குள்ளமான, அகலமான மனிதர், அறுபது வயதிருக்கும். தலையில் ஓலைத் தொப்பி. அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். அதனால் அவருடைய மகள் லூசியா கூட வந்திருந்தாள். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் தாதி, நல்ல இங்கிலீஷ். மாத்தளைக் கூட்டத்தில் அவர் ஸ்பானிஷில் சொல்ல, லூசியா இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, நாவுலயிலிருந்து வந்த சந்திரிகா அக்கா சிங்களத்தில் சொன்னார். மேடையில் நான்கு பேர் வரிசையாக, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றோம். ஒரு பகிடி சொன்னால் முதலில் லூசியா சிரிப்பாள், பிறகு தமிழ் வரிசைகள், கடைசியில் சிங்கள வரிசைகள். சிங்களச் சிரிப்பு வந்துசேரும்போது மத்தேயோ அடுத்த வசனத்தில் சிலுவையில் இருப்பார்.

ஆனால் மனிதர் நன்றாகப் பேசினார். தான் கோப்பித் தோட்டத்தில் பிறந்தவன், கூடை சுமந்தவன் என்றார். முதலில் ஊருக்கு ஒரு விசுவாசிதான் இருந்தானாம், அவனையும் நாய் விட்டுத் துரத்தினார்களாம். பிறகு பெரிய பூகம்பம் வந்து வீடுகள் விழுந்தபோது, சுவர் எழுப்பக் கை கொடுத்தவர்கள் இவர்கள். குடியை விட்ட புருஷன்களைப் பார்த்து மற்ற பெண்களும் வந்தார்களாம். "இப்ப எங்க தெருவுல பேக்கரி ஒண்ணு, சபை நாலு. நாலுக்கும் ஒண்ணோட ஒண்ணு பேச்சுவார்த்தை கிடையாது" என்றார். பாஸ்டர் இரண்டு தட்டுத் தட்டினார். நான் சுருக்கி, "நாலு சபை இருக்கு" என்று நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகிற பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு வேனில் போனோம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் தறப்பாள் கட்டி எங்கள் கிளைச் சபை நடந்தது. முப்பது பேர் அளவில் இருப்பார்கள். லயத்தைப் பார்த்ததும் மத்தேயோ அப்படியே நின்றுவிட்டார். "இதைக் கட்டினவன்தான் எங்க ஊர்லயும் கட்டினானா? ஒரே வரிசை, ஒரே கூரை, ஒரே ஒழுக்கு" என்றார். சனங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பெண்களை எல்லாம் அவர் 'எர்மானா' என்று கூப்பிட்டார், சகோதரி என்று அர்த்தம். என்னையும் அப்படியே கூப்பிட்டதால் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த டிவிஷனில் நான் எர்மானாக்கா.

அன்றைய கூட்டத்துக்குப் பாஸ்டர் ஒரு விசேஷம் வைத்திருந்தார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருக்கும் பழைய சாமி படங்களைப் பொட்டணமாகக் கட்டிக்கொண்டு வந்து ஒப்படைப்பார்கள். நாங்கள் பாடுவோம், பாஸ்டர் ஜெபித்து நெருப்பில் போடுவார். அந்தப் பாட்டை நானும் எத்தனையோ முறை சந்தோஷமாகப் பாடியிருக்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அன்றைக்குப் பொட்டணம் கொண்டுவந்தவள் பரமேஸ்வரி. அந்த லயத்திலேயே கடைசி அறையில், கடைசிக் காம்பராவில் இருப்பவள், கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை; வீட்டில் அவளும் மகளும் மாமியாரும்தான். மகளுக்கு இழுப்பு வந்தபோது எங்கள் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவள் சபைக்கு வந்தாள்.

வாசலில் பாதியாக வெட்டிய எண்ணெய் பீப்பாயில் விறகு எரிந்துகொண்டிருந்தது. பாஸ்டர் பொட்டணத்தை வாங்கி மத்தேயோவின் கையில் கொடுத்தார். "விருந்தாளி ஜெபம் பண்ணி, அவர் கையாலயே போடட்டும்" என்றார். நான் லூசியாவுக்குச் சொன்னேன், அவள் அப்பாவுக்குச் சொன்னாள்.

மத்தேயோ ஜெபம் பண்ணவில்லை. பொட்டணத்தை அவிழ்த்தார். சட்டம் போட்ட முருகன் படம், சின்னக் குத்துவிளக்கு, விரல் நீளத்தில் ஒரு பித்தளை வேல். வேலை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோலப் பார்த்தார். தேய்ந்து முனை மழுங்கியிருந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எவ்வளவு பழசு?" என்றார்.

பரமேஸ்வரி மெதுவாகச் சொன்னாள். "இந்தியாவுல இருந்து நடந்து வந்தப்ப இடுப்புல கட்டிக்கிட்டு வந்ததுன்னு மாமி சொல்வாங்க. மாமியோட பாட்டனோட அம்மாதான் கொண்டு வந்தாங்களாம்."

அவர் தலையசைத்தார். பிறகு சனங்களைப் பார்த்து, பிரசங்கக் குரல் இல்லாமல், சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். லூசியா இரண்டு வசனம் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கே தெரியாத கதை அது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருந்தாலும் அவள் தொடர்ந்தாள், 'நான்' என்றே சொன்னாள். நானும் 'நான்' என்றே சொன்னேன்.

"எனக்கு இருபது வயசு. விசுவாசத்துக்கு வந்து மூணு மாசம். எங்க அம்மாகிட்ட மரத்துல செஞ்ச ஒரு புனிதர் சிலை இருந்துச்சு. மலையில இருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தப்ப அவங்க அம்மா சீலைக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்தது. நான் அத எடுத்து, அம்மா பாத்துக்கிட்டே இருக்க, அவங்க அடுப்புல போட்டேன்."

தட், தட், தட்.

மூன்று தட்டு. பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் பக்கம் நான் திரும்பவில்லை. சனங்களைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர் அவர்தான்.

"அம்மா ஒண்ணும் சொல்லல. அழல. மாவப் பிசைஞ்சாங்க. அந்த நெருப்புலயே எனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க. நானும் சாப்பிட்டேன். சபையில எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க."

தட், தட், தட். இந்த முறை பலமாக. முன்னால் அம்மாவின் மடியிலிருந்த ஒரு குழந்தை பாட்டு ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்துக் கூடவே கை தட்டியது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. ஆபீஸ், வேலை, பாஸ்டர் என்மேல் வைத்த நம்பிக்கை எல்லாம் அந்த மூன்று தட்டில் இருந்தது. நிறுத்திவிட்டு, 'சகோதரர் தன் வீட்டில் கர்த்தர் செய்த பெரிய காரியத்தைச் சொல்கிறார்' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் பரமேஸ்வரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூடினால் அவள் பொட்டணம் நெருப்பில்.

"அதுக்குப் பிறகு எங்க அம்மா பதினோரு வருஷம் இருந்தாங்க. தினமும் எனக்குச் சாப்பாடு வச்சாங்க. ஒரு வார்த்த பேசல. எங்க சபை வளந்துச்சு. தெருவெல்லாம் வந்தாங்க. அம்மா வரல. நான் எத்தனையோ பேருக்கு மன்னிப்பப் பத்திப் பிரசங்கம் பண்ணியிருக்கேன். எங்க அம்மாகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கல. நாளைக்கிக் கேப்போம், நாளைக்கிக் கேப்போம்னு இருந்தேன்."

லூசியாவின் குரல் உடைந்தது.

மத்தேயோ பரமேஸ்வரியிடம், "எர்மானா, இது உன்னுடையதா?" என்று கேட்டார்.

"இல்ல. மாமியோடது."

"அவங்களுக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க கோயில் கூட்டத்துக்குப் போயிருக்கயில எடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப இது காணிக்கை இல்ல மகளே. உன்னுது இல்லாதத நீ ஆண்டவருக்குக் குடுக்க முடியாது. வா, கொண்டுபோய்க் குடுப்போம்."

பாஸ்டர் எழுந்துவிட்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று முகத்தில் தெரியவில்லை. எங்களோடு அவரும் நடந்தார். பின்னால் முப்பது பேரும் வந்தார்கள். கடைசிக் காம்பராவுக்கு அதிகம் போனால் நாற்பது அடி. என் வாழ்க்கையில் நான் நடந்த நீளமான நாற்பது அடி அதுதான்.

கோயில் கூட்டத்திலிருந்து திரும்பி வந்திருந்த மாமியார் காளியம்மா வாசலில் விளக்குமாற்றோடு நின்றார். அறுபதைத் தாண்டியும் இன்னும் கொழுந்துக்குப் போகிறவர், கை இரும்பு. காம்பராவே தலைகீழாகக் கிடந்தது. பாய், பெட்டி, அரிசி வாளி எல்லாம் வெளியே. பித்தளை வேலைக் காணாமல், நாங்கள் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெருச்சாளியிலிருந்து தோட்டத் தலைவர்வரைக்கும் எல்லோரையும் திட்டித் தீர்த்திருந்தாராம். பரமேஸ்வரி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அன்றைக்கு அவளையும் பிள்ளையையும் வெளியே தள்ளியிருந்தால் கேட்க ஆளில்லை.

மத்தேயோ முன்னால் போய், பொட்டணத்தை இரண்டு கையாலும் நீட்டி, அழுதுகொண்டே ஏதோ சொன்னார். லூசியாவும் அழுதாள். அதனால் இங்கிலீஷ் வரவில்லை. எனக்கு மொழிபெயர்க்க ஒன்றுமே கிடைக்கவில்லை.

காளியம்மா என்னைப் பார்த்தார். "இந்த வெள்ளக்காரர் ஏன் அழுவுறாரு?"

"வெள்ளக்காரர் இல்லீங்க. குவாத்தமாலாக்காரர்."

"யாரு, மாலா வீட்டுக்காரரா? கீழ் டிவிஷன் மாலாவா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அது பரவியது. பரமேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. "மாமி, நான்தான் எடுத்தேன்" என்றாள்.

காளியம்மா பொட்டணத்தை வாங்கி, வேலை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். படத்தைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. பிறகு மருமகளைப் பார்த்தார், வெகு நேரம்.

"உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே? நான் எம் பக்கத்துச் செவுத்துல மாட்டிக்கிட்டிருப்பேன். நீ பாட்டுக்கு உம் பக்கம் பாடிக்கிட்டுப் போ. நான் என்ன, நீ பாட வேணாம்னா சொன்னேன்? கொஞ்சம் மெதுவாப் பாடுன்னுதானே சொன்னேன்."

பரமேஸ்வரி அவர் தோளில் விழுந்து அழுதாள். காளியம்மா விளக்குமாற்றை விடாமலே அவள் முதுகைத் தட்டினார்.

பிறகு எங்கள் எல்லோரையும் உட்காரச் சொல்லி ரொட்டி சுட்டார். மிளகாய் இடித்த கட்டா சம்பலோடு கொடுத்தார். சம்பலின் உறைப்பில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. மத்தேயோ எதற்காக அழுகிறார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பாஸ்டர் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். காளியம்மா கவனித்துவிட்டார். "சாப்பிடுங்க ஐயா. இதுல சாமி ஒண்ணும் கலக்கல" என்றார். பாஸ்டர் சாப்பிட்டார். இரண்டாவது ரொட்டியும் வாங்கிக்கொண்டார்.

பாஸ்டர் மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார்.

"மூணு தட்டுக் கேக்கலையா சிஸ்டர்?"

"கேட்டுச்சு பாஸ்டர்."

"பிறகு?"

"அவர் 'நான்'னு சொன்னாரு. 'நான்'னு சொல்றவர் வாயப் பாதியில எப்பிடிப் பொத்துறது? நடுவுல நான் தெரிஞ்சிருப்பேன்."

அவர் மை தீர்ந்த பேனாவை எடுத்து எதையோ எழுதுவதுபோலச் செய்தார். அதன் பிறகு இரண்டு மாதம் எனக்கு டைப் அடிக்கிற வேலை மட்டும்தான். இடையில் வந்த ஒரு விருந்தாளிக்கு அவரே மொழிபெயர்த்தார். விருந்தாளி இங்கிலீஷில் 'ரிமெய்ன் ஸ்டாண்டிங்', நின்றபடியே இருங்கள் என்றதை இவர் "மிச்சம் இருக்கிறவங்க நில்லுங்க" என்றார். பாதிச் சபை உட்கார்ந்துவிட்டது. நான் பின் வரிசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டணம் கொண்டுவரும் வழக்கத்தைப் பற்றி அவர் எதுவும் அறிவிக்கவில்லை. ஆனால் அடுத்த தடவை ஒருவர் கொண்டுவந்தபோது, "வீட்டுல எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு நெருப்பு மூட்டப் பீப்பாயை யாரும் வெளியே எடுத்து வைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து, "நாளைக்குக் காலையில உக்குவளைக்குப் போகணும் சிஸ்டர். மொழிபெயர்ப்பு இருக்கு" என்றார்.

"எந்த மொழி பாஸ்டர்?"

"வாங்களேன், பாப்போம்."

உக்குவளையில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. உள்ளே திருநீறு பூசிய ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அப்படியே பாஸ்டரின் மூக்கு, பாஸ்டரின் நெற்றி. அவருடைய அண்ணன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாஸ்டருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷம் ஒரே ஆபீசில் இருந்திருக்கிறேன்.

நான் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பாஸ்டர் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். பிறகு அண்ணன் என்னைப் பார்த்து, "என்னத்துக்கு வந்திருக்காருன்னு கேளுங்க" என்றார்.

நல்ல தமிழ். இருந்தாலும் நான் திரும்பி, "என்னத்துக்கு வந்திருக்கீங்க பாஸ்டர்?" என்றேன்.

"சும்மா பாத்துட்டுப் போகத்தான்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு என்ன சும்மா? அப்பா சாவுக்கு வந்து கிட்டக்கூட வராம ரோட்டுல குடையப் புடிச்சிக்கிட்டு நின்னாரே, அப்ப சும்மா வரத் தெரியலையான்னு கேளுங்க."

அதையும் கேட்டேன். பாஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"நான் வாய்க்கரிசி போட்டா என் விசுவாசம் போயிரும்னு பயந்தேன். சபையில என்ன சொல்லுவாங்களோன்னு பயந்தேன். அப்பாவத் தூக்கிக்கிட்டுப் போறத ரோட்டுல நின்னு பாத்தேன். வந்து தோள் குடுத்திருக்கலாம். அதுக்குக்கூட நான் வரல. தப்புப் பண்ணிட்டேன் அண்ணே. மன்னிச்சுக்குங்க."

ஒரு பொம்பளையின் குரலில் தம்பி கேட்ட மன்னிப்பை அண்ணன் அசையாமல் கேட்டார். எழுந்து உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். பாஸ்டர் தன் பையை எடுத்துக்கொண்டார். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் கையில் சீனி டப்பாவோடு நிலைப்படிக்கு வந்து நின்றார்.

"சீனி எத்தன கரண்டி?" என்றார்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எத்தன கரண்டின்னு கேக்கிறேன்."

பாஸ்டர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நானாக மொழிபெயர்க்க மறுத்தது அது ஒன்றுதான்.

"ரெண்டு, அண்ணே" என்றார் பாஸ்டர்.